கேட்டால் மட்டும்

கரடிப்போக்குச் சந்தியில்
டயர் கடைக்கு மேல்மாடி.
மேசைக்குக் கீழே, எலி நுழையாமல் கம்பிவலை அடித்து
சேர்வரை வைத்திருக்கிறோம்.
கமக்காரர் அமைப்பின் தண்ணீர் முறையை
அது சொல்லும்,
கேட்டால் மட்டும்.

கேளாத நேரம் அந்தப் பக்கம் எங்குமே இல்லை.
இதைத் தலைவர் சபாநடேசருக்கு விளக்க
எனக்கு ஒரு முழுப் பின்னேரம் போனது.
"பக்கம் எங்க கிடக்கு?"
"ஒரிடமும் கிடக்கேல்லை ஐயா."
"அப்ப நேற்று நான் பார்த்தது?"
"அது உங்களுக்கெண்டு அந்த நொடியில செய்தது.
நீங்க வாசிச்சு முடிக்கமுன்னம்
சேர்வர் அதை மறந்திட்டுது."
பழைய டயரைப் புதிதென்று விற்கிறவனைப்
பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

இருப்பது ஓட்டைகள் உள்ள ஒரு தாள்.
உரிமையாளர், ஓட்டை.
வாய்க்கால், ஓட்டை.
துருசு திறக்கும் நாள், ஓட்டை.
குளத்து நீர்மட்டம் ஓட்டை அடி ஓட்டை அங்குலம்.
ஊரியானில் ஒருவர் போனைத் தட்டினால்
என் நிரல் எழும்பி
பட்டியலுக்குள் ஓடி
அவருடைய ஏக்கரையும் கிழமையையும் அள்ளிவந்து
ஓட்டைகளை அடைத்து அனுப்பும்.
வரம்புக்கு அந்தப் பக்கத்துக்காரரும்
அதே நொடியில் அதே விலாசத்தைத் தட்டுவார்.
அவருக்கு வேறு தாள், வேறு வியாழன்.
இதனால் வந்த ஒரு சண்டை
பொலிஸ் வரைக்கும் போய்த் திரும்பியது.

சிறுபோகத்தின் நடுவில்
வந்துபோனவர்களின் பதிவை உருட்டிக்கொண்டிருந்தேன்.
வயல் இலக்கம் 117. அதிகாலை இரண்டு பத்து.
முதல்நாளும் இரண்டு பத்து.
பதினாறு நாளும்.
"மனிசர் இல்லை, ஏதோ ரோபோ" என்றான் கஜீபன்,
"பூட்டிவிடு."

மறுநாள் அந்த ரோபோ கோல் எடுத்தது.
"பிள்ளை, முரசுமோட்டையில இருந்து புவனலோஜினி.
உரிமையாளர் எண்டு போட்டு
இரண்டு புள்ளி வைச்சிருக்கிறியள்.
அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை."

பட்டியலைத் திறந்தேன்.
அந்தக் கட்டத்தில் இருந்தது பூச்சியம் அல்ல.
வெற்றிடமும் அல்ல;
வெற்றிடமென்றால் யாரோ வந்து
வெறுமையை எழுதிவிட்டுப் போயிருக்கவேண்டும்.
தெரியாது என்பதற்கென்றே
எங்களிடம் ஒரு பெறுமதி உண்டு.
அது எதற்கும் சமனாகாது.
தனக்குத்தானே ஒப்பிட்டாலும்
சமன் என்று வராது.

லேசான வேலைதான்.
பெயர் இருந்தால் பெயரைக் காட்டு,
இல்லாவிட்டால்

இல்லாவிட்டால் என்பதற்குக் கீழே
கர்சர் மினுங்கிக்கொண்டு நின்றது.
'பதிவில் இல்லை' என்று எழுதி அழித்தேன்.
'காலஞ்சென்ற' என்றான் கஜீபன். அதைத் தட்டவே இல்லை.
'தெரியாது' என்று எழுதிப் பார்த்தேன்.
117ஐத் திறக்கிறவருக்கு
அது ஒரு செய்தியா?

"என்ன போடட்டும் அக்கா?"
அங்கே ஒரு லாண்ட்மாஸ்டர் கடந்து போகும்வரை
இரண்டுபேரும் பேசாமல் இருந்தோம்.
"என்ர பேரைப் போடாதேங்கோ.
போட்டால், அவர் இல்லையெண்டு
நான் கையெழுத்து வைச்ச மாதிரி.
உரிமையாளர் எண்டதையும் எடுக்காதேங்கோ.
தண்ணி எண்டைக்கு எண்டு தெரிஞ்சால் எனக்குக் காணும்."
பிறகு அவராகவே சொன்னார்:
"நடுச்சாமத்தில பார்க்கிறது வேற ஒண்டுக்குமில்லை பிள்ளை,
அப்பதான் டேற்றா மலிவு."

இல்லாவிட்டால் என்பதற்குக் கீழே
ஒரு பெயரின் அகலத்துக்கு இடம் விடு
என்று எழுதிச் சேமித்தேன்.
எத்தனை எழுத்து என்று கேட்க மறந்துபோனேன்.
ஒன்பது என்று நானாக வைத்தேன்.

நேற்று கரண்ட் போய் வந்ததால்
அலுவலகத்திலேயே படுத்தேன்.
இரண்டு பத்துக்கு
மேசைக்குக் கீழே விசிறி ஒருதரம் உரத்துச் சுற்றியது.
வாய்க்கால் ஏழு. துருசு திறப்பு வெள்ளி காலை ஆறு.
நீர்மட்டம் பத்தொன்பது அடி நாலு அங்குலம்.
உரிமையாளர்: